ஒன்பது பஸ்களை நிமிர்த்தியவன்

ஆபீஸில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்பார்கள். கொத்தனார் சுவர் மேல் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரே, அந்த ரசமட்டம். வெப்சைட் வடிவமைக்கிற வேலை. ஒரு பட்டன் பக்கத்துப் பட்டனைவிட மயிரிழை கீழே இறங்கியிருந்தால் போதும், ஐயாவுக்குச் சோறு இறங்காது. "இத எவன்டா பாக்கப் போறான்?" என்று பக்கத்து மேசைக்காரன் தலையில் அடித்துக்கொண்டால், "அதான் நான் பாத்துட்டேனே" என்பான். வாடிக்கையாளர்களுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். கூட உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைத்தான் கேட்கக் கூடாது.

இதை வைத்து ஆளை உம்மணாமூஞ்சி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நல்ல ரசிகன். வேலை முடிந்தால் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பான். பூட்டுக்கடையின் உரிந்துபோன பச்சை ஷட்டர், மொட்டைமாடியில் காயும் சட்டைகள், வீடு வாடகைக்கு என்று யாரோ கையால் எழுதித் தொங்கவிட்ட அட்டை, எல்லாம் அவன் போனுக்குள் வந்துவிடும். ஒரு நகைக்கடையின் வெப்சைட்டில் அவன் போட்ட மஞ்சளைப் பார்த்து முதலாளி உருகிப்போய்விட்டார். அது தெருமுனையில் நிற்கிற குப்பை லாரியின் மஞ்சள். முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்கள் நாலு பேர் ஒரு கார் ஷெட்டில் கூடிப் பாட்டு வாசிப்பார்கள். அவன் கையில் பேஸ் கிட்டார். பாதி நேரம் பாட்டுக்குப் போகும், மீதி நேரம் அடுத்தவர்களின் சுருதியைச் சரிபார்க்கப் போகும். டிரம்ஸ் அடிக்கிற மருந்துக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "தம்பி, கேக்கறவங்களுக்கே காது வலிக்கல, உங்களுக்கு மட்டும் ஏன் வலிக்குது?" என்று கேட்டார். சனிக்கிழமைகளில் ஓவியக் கண்காட்சி ஏதாவது இருந்தால் முதல் ஆளாக நிற்பான். சுவரில் ஒரு சட்டம் கோணலாக இருந்தால் கை தானாக நீண்டுவிடும். காவலாளிகளுக்கு அவனை நன்றாகத் தெரியும். "சார், கையப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாருங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்.

அவனுக்கு ஓர் அக்கா. பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களை உட்காரச் சொல்லி, பயப்படாதீங்க என்று சொல்லி, உள்ளே அனுப்புகிற வேலை. போகவும் வரவும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் பயணம். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் வண்ணங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாமா பொறுமைசாலி. கல்யாணமான நாளிலிருந்து தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்.

நகரக் கலைக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய கண்காட்சி நடக்கும். அதில் தன் படம் இடம்பெற வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. வருடம் தவறாமல் விண்ணப்பிப்பாள். பதில் வந்ததே இல்லை. இந்த வருடம் ஒரு புத்தகக்கடை மாடியில் தன் ஒன்பது படங்களைத் தானே மாட்டிக் காட்டுவதென்று முடிவு செய்தாள். தம்பி சும்மா இருப்பானா? ராவும் பகலும் உட்கார்ந்து அதற்கு ஒரு வெப்சைட் செய்தான். அதைப் பார்த்துவிட்டு, கலைக்கூடத்துக்கு ஓவியர்களைத் தேர்வு செய்கிற அம்மாள், சனிக்கிழமை காலை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வந்தவரிடம் வாழ்த்துகள் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

சனிக்கிழமை காலை அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரியில் தலையைக் காட்டவேண்டியிருந்தது. "நீ போய்ப் படத்துக்குக் கீழ பேரு மட்டும் ஒட்டிடுடா, நான் வந்துடறேன்" என்று சாவியைக் கொடுத்தாள். அவன் கதவைத் திறந்தான். ஒன்பது படமும் கோணல். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், இரண்டு சேர்ந்தாற்போல் ஒரே பக்கம். மாமா கைவேலைதான், மனுஷனுக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது என்று சிரித்துக்கொண்டான். போனில் மட்டம் பார்க்கிற வசதியைத் திறந்து சட்டத்தின் மேல் வைத்தான். ஒன்றொன்றாக நிமிர்த்தினான். மறுபடி சாயாமலிருக்கப் பின்னால் டேப் வேறு ஒட்டினான். பிறகு பெயர்ச்சீட்டுகளை ஒரே இடைவெளியில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, தன் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான ஒரு சுவரைப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

கலைக்கூடத்து அம்மாளும் அக்காவும் படியில் சந்தித்துப் பேசிக்கொண்டே மேலே வந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று தம்பி நினைத்துக்கொண்டான். நினைப்புத்தான்.

அம்மாள் ஒரு சுற்று வந்தார். படங்கள் எல்லாம் பஸ்ஸுக்குள் நிற்கிற கூட்டம். பஸ் திரும்புகிறது, ஆட்கள் சாய்கிறார்கள். "சுத்தமா வரைஞ்சிருக்கீங்க. ஒழுங்கா மாட்டியிருக்கீங்க" என்றார். கடைசிப் படத்தின் முன் கொஞ்சம் தயங்கினார். "பஸ்ல போறவங்க சாஞ்சு நிக்கிறாங்க. அவ்வளவுதானா? இதப் பத்தி நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"இல்ல மேடம். நீங்க வந்ததே சந்தோஷம்" என்றாள்.

அம்மாள் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"என்னக்கா, வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்ல?" என்று தம்பி எகிறினான். "எல்லாத்தையும் மாமா கோணக்கோணலா மாட்டி வச்சிருந்தாரு. நான் மட்டும் முன்னாடியே வரலைன்னா மானம் போயிருக்கும்."

"மாமா மாட்டல. நான் மாட்டினேன்" என்றாள் அக்கா.

அவள் ஒரு படத்தின் பின்னாலிருந்த டேப்பை உரித்தாள். சட்டத்தை மெதுவாக இடப்பக்கம் சாய்த்தாள். "இப்பப் பாரு."

பார்த்தான். படத்தில் சாய்ந்து நின்ற ஆட்கள் எல்லாரும் நேராக நின்றார்கள். பஸ்தான் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கடைகளும் கட்டடங்களும் விளக்குக் கம்பங்களும் சேர்ந்து சாய்ந்தன.

"வளைவுல நான் சாயறதா எனக்கு ஒருநாளும் தோணினதில்லடா. ஊர்தான் சாயும். நான் நேராத்தான் நிக்கிறேன்."

அவன் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். அம்மாள் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்துவிட்டது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான். உள்ளே உட்கார இடமில்லை, அம்மாளும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"மேடம், தப்பு என்னோடது" என்றான் மூச்சிரைக்க. "அக்கா எல்லாத்தையும் சாய்ச்சுத்தான் மாட்டியிருந்தாங்க. நான் மடையன், நேராக்கிட்டேன்."

அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குச் சாய்ச்சு மாட்டணும்?"

அவன் பதில் யோசிப்பதற்குள் பஸ் மார்க்கெட் வளைவில் திரும்பிவிட்டது. பையைக் கட்டிக்கொண்டிருந்தவர், போனில் பேசிக்கொண்டிருந்த பெண், கைக்குழந்தைக்காரர், அவன், அம்மாள் எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

"மேடம், இப்ப நீங்க சாயறீங்களா, வெளியில அந்தக் கட்டடம் சாயுதா?"

அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பஸ் நிமிர்ந்த பிறகும் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"அடுத்த ஸ்டாப்ல இறங்கலாம்" என்றார்.

இருவரும் திரும்பி வந்தபோது அக்கா ஒன்பதையும் பழையபடி சாய்த்து மாட்டியிருந்தாள். இந்த முறை அம்மாள் சுற்றிவர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு படத்தின் முன் நின்றபோது, விழுந்துவிடுவோமோ என்பதுபோல் சுவரில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் அக்கா பக்கம் திரும்பினார்.

"ஒன்பதும் எனக்கு வேணும். ஆனா அங்க வந்து நீங்களே மாட்டித் தரணும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். தம்பி நிம்மதியாகப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றார் அம்மாள். "ஏதாவது சொல்லணுமான்னு நான் அப்பவே கேட்டேனே. சொல்லியிருக்கலாமில்ல? உங்க தம்பி ஓடி வரலைன்னா நான் இந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்."

"எப்படிங்க சொல்றது?" என்றாள் அக்கா. "எனக்காக ராப்பகலா வேலை பாத்தவன் இவன். இவன் வேலையப் பாத்துதான் நீங்களே வந்தீங்க. உங்க முன்னாடி இவன் தலைகுனிஞ்சு நிக்கிறதை நான் பாக்கணுமா? கண்காட்சி அடுத்த வருஷமும் வரும்."

அடுத்த வருடமும் வரும் என்று அவள் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது தம்பிக்குத் தெரியும். இத்தனை காலம் காத்திருந்ததை, இவன் முகம் வாடக் கூடாது என்பதற்காக, கும்பிட்டு வழியனுப்பிவிட்டு நின்றிருக்கிறாள். அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அம்மாள் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதான்.