கோகிலன் பஸ்ஸில் பாட்டு நின்ற ஐந்து மாதம்

சிம்பாங் பூலாய்ப் பக்கத்துப் பழைய தோட்டத்து வீடுகளிலிருந்து ஈப்போவின் கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்களில், கோகிலனின் பஸ்ஸைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். முதலில் பாட்டு வரும், பின்னால் பஸ் வரும். அதில் ஒரு பாட்டு அவனே எழுதி, மெட்டுப் போட்டு, கைப்பேசியில் பாடிப் பதிந்தது. மூன்றாம் படிவ வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதியது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

யாருக்காக எழுதினான் என்பது, தனக்கும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த தினேஸ்வரிக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான்.

அவள் வீட்டில் லூமுட் ஊர் மாப்பிள்ளையைப் பேசி முடித்தார்கள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை பஸ்ஸில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தவள், கடைசியாக அவனிடமும் ஒன்றை நீட்டினாள்.

"கண்டிப்பா வந்துடுங்க அண்ணே."

இரண்டு வருடத்தில் அவள் அவனை அண்ணே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறுநாளே, பாட்டெல்லாம் இருந்த பென்டிரைவை ரேடியோவிலிருந்து பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டான். அவளைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. ஒரு நாள் வண்டி தாமதமாக வந்ததில்லை. பாட்டு மட்டும் போய்விட்டது. குளிக்கும்போதுகூட வாய் திறப்பதில்லை.

"சாவு வண்டிகூட சத்தத்தோடதான் போகும் தம்பி," என்றாள், தினமும் முதல் ஆளாக ஏறும் மாரியம்மா.

"ரேடியோ ரோசாக் ஆயிடுச்சுக்கா, கெட்டுப்போச்சு."

"ரேடியோவா, நீயா?"

ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை, கல்யாணமாகிப் போய்விட்ட தினேஸ்வரியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கைதட்டி அவன் பாட்டையே எடுத்துவிட்டாள். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். உருகி உருகிப் பாட வேண்டியதைச் சாமி ஊர்வலத்துக்கு ஆடுவதுபோல் அடித்துக்கொண்டு போனார்கள். கோகிலன் பல்லைக் கடித்தான். இரண்டாவது சரணத்தில் அவன் மூச்சடக்கி இழுக்கும் இடம் வந்தது. முன்பெல்லாம் கண்ணாடியில் தினேஸ்வரி சிரித்தது அங்கேதான். அதை இவர்கள் ஒரே தாவாகத் தாண்டினார்கள்.

"நிறுத்துங்க லா! அங்க ஓடக்கூடாது, இழுக்கணும்!"

"எங்களுக்கு என்ன தெரியும்? நீ இழுத்துக் காட்டு," என்றாள் மாரியம்மா.

முதல் தடவை குரல் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் மறுபடி அந்த வரியைப் பிடித்தான். இந்தத் தடவை குரல் உடையாமல் நின்றது. தொழிற்சாலை வாசல் வந்தும் அவன் முடிக்கவில்லை, ஒருவரும் இறங்கவில்லை.

"நாப்பது பேரும் நாலு நிமிஷம் லேட்டு. என்ன கதை?" என்றார் சூப்பர்வைசர் சதாசிவம்.

மாரியம்மா தலையை நிமிர்த்திக்கொண்டாள். "எங்க டிரைவர் பாடிக்கிட்டு இருந்தாரு சார். பாதியில எப்படி எறங்குறது?"

சாயங்காலம் எல்லோரும் ஏறியபோது பென்டிரைவ் பழைய இடத்தில் இருந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் நாற்பது பேரும் இழுத்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே.