புல் முளைத்த பூசைத்தலம்

இங்கிலாந்தின் வடக்கில், கூரையில்லாத பழைய துறவிமடம் ஒன்றின் வாசல் வளைவில் நிற்கிறோம். உள்ளே தூண்களுக்கு நடுவே ஈரப் புல். என் மனைவி ஜெசிந்தா குனிந்து சப்பாத்தைக் கழற்றுகிறாள். ரொறன்ரோவில் மாதா கோயிலுக்குள்ளும் பனிச்சப்பாத்தோடு போகிறவள்.

காவலாளி பதறி வருகிறார். "கால் விறைத்துவிடும், அம்மா. இங்கே பூசை நின்று ஐந்நூறு வருடமாகப் போகிறது. அரசன் மடத்தை மூடிவிட்டுக் கூரையின் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டான். மிச்சக் கல்லை ஊர்க்காரர் வீடு கட்டக் கொண்டுபோனார்கள்."

"பீடம் எங்கே இருந்தது?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

அவர் கிழக்குப் பக்கம் கையைக் காட்டுகிறார். அவள் சால்வையால் முக்காடிட்டு, வெறுங்காலோடு நடந்துபோய் அங்கே முழந்தாளிடுகிறாள்.

எனக்குக் கோபம் வருகிறது. "என்னப்பா இது, ஈரத்துக்கை? காய்ச்சல் வரப்போகுது."

அவள் எழும்பவில்லை. புல்லைத் தடவியபடி சொல்கிறாள்:

"எங்கடை ஊர்க் கோயிலும் இப்ப இப்பிடித்தானே கிடக்கும், ஆமிக்காரர் ஆரையும் விடாமல் அடைச்ச வேலிக்குள்ளை. இஞ்சை எண்டாலும் ரிக்கெற் எடுத்தா உள்ளுக்கை விடுகினம்."

நானும் சப்பாத்தைக் கழற்றுகிறேன்.