நான்காம் கொடையாளி

டாக்டர் வீரராகவனின் கட்டுரைப் பட்டியலில் முப்பத்தொன்றாவது கட்டுரைக்குள் நாகம்மாள் இருக்கிறாள். அங்கே அவளுக்குப் பெயர் கிடையாது. நான்காம் கொடையாளி, பெண், உடலுழைப்புத் தொழில், அவ்வளவுதான். அதை அடித்தவன் நான். சென்னையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. வீடு பழவேற்காட்டில். தினமும் பஸ், அப்புறம் ரயில்.

நாகம்மாளும் எங்கள் ஏரிக்கரைக்காரிதான். வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பிழைப்பு. 1978இல் தம்பி சின்னப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள்.

"கூடப் பொறந்தவன் பாய். இதுல ரோசன பண்ண இன்னா கீது?" என்றாள் என்னிடம்.

கொடுத்தவர்கள் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதமும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும், ஒரு முழுநாள் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். நாகம்மாள் ஒரு வருடம்கூடத் தவறவில்லை. துணிப்பையில் கேனைச் சுற்றி, பொன்னேரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். முதல் கேன் நிறைந்திருந்தது. அடுத்த வருடம் பாதியாகிவிட்டது, அதன் பிறகு ஏறவே இல்லை. ரத்தத்தில் கோளாறு தெரியவில்லை, கேனில்தான் குறைந்தது. டாக்டருக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. கடுமையாக உழைக்கிறவர்களுக்கு மிஞ்சிய ஒரு சிறுநீரகம் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று அவளை முன்னால் வைத்து எழுதினார். இரண்டு மாநாடுகளில் படித்தார். பிரதி கேட்டு வெளிநாட்டிலிருந்து கார்டுகள் வந்தன. அத்தனைக்கும் பதில் அடித்து எனக்கு விரல் மரத்துப்போனது.

1985இல் சின்னப்பனின் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தை ஏற்க மறுத்துவிட்டது. தங்கை ராஜாத்தி நான் தருகிறேன் என்று வந்து நின்றாள். அவளும் இறால் பிடிக்கிறவள். ரத்தம் பொருந்தியது. டாக்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்த வேலை செய்யறவங்ககிட்ட எடுக்கக் கூடாதுன்னு நானே எழுதியிருக்கேன், இனாயத்துல்லா. இப்ப நானே எடுக்கறதா?"

நியாயமான மனிதர். அதுதான் வினை.

ஏழு வாரம் போனது. சின்னப்பன் வீங்கிப்போய்க் கிடந்தான். அந்த வருடக் கேனோடு நாகம்மாள் என் மேசைக்கு வந்தாள். எனக்கு அலுப்பு.

"இன்னா நாகம்மா, இவ்ளோதானா? எல்லாத்தயும் புடிச்சியா?"

"வூட்ல இருந்த நேரம் ஒரு சொட்டு வுடல பாய்."

"ஏரில எறங்கி நிக்கசொல?"

என்னை அசட்டுப்பயலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தண்ணில நிக்கசொல வந்தா தண்ணிலதான் போறது. வாயில பறி, கை ரெண்டும் சேத்துல. கேன எங்க வெச்சிக்கிறது? மொத தபா தையலு ஆறாம வூட்லயே கெடந்தேன். அப்போ ரொம்பிச்சு."

டாக்டரிடம் ஓடினேன். நாகம்மாளை இரண்டு நாள் வார்டிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கேன் நிறைந்தது. சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ராஜாத்திக்குத் தேதி குறித்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னால் சின்னப்பன் செத்துப்போனான்.

திருத்தம் எழுதி அனுப்புவதாக டாக்டர் சொன்னார். எழுதவில்லை. பதவி உயர்வுக்காகப் பட்டியலைப் புதிதாக அடிக்கச் சொன்னபோது, முப்பத்தொன்றாவதையும் சேர்த்தே அடித்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பஸ் நிற்கிற இடத்தில் நாகம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நா கேன சரியா ரொப்பாததாலதான் தம்பி பூட்டானா, பாய்?"

"அதெல்லாம் இல்ல. நோவு முத்திப்போச்சு."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பினாளா தெரியாது. டாக்டர் எங்கள் ஏரியைப் பார்த்ததே இல்லை. நான் தினமும் காலையில் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பெண்களைத் தண்ணீரில் பார்த்துக்கொண்டே போனவன். ஏழு வருடம் அவளுடைய எண்களை அடித்தவன். கேட்டிருக்க வேண்டியவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.