மணல்திட்டின் காவல்

எங்கள் ஊரில் யாரும் "நான் இருக்கேன்" என்று சொல்லமாட்டார்கள். சீக்காளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட, "எங்கயும் போகல" என்றுதான் சொல்வார். மீன் கம்பெனிக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர், "சாயந்தரம் ஒரு லோடு வருது, யாரு இருக்கீங்க?" என்று கேட்டபோது அத்தனை பெண்களும் இறால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னம்மா, எல்லாருக்கும் வாயைத் தைச்சு அனுப்பிட்டாங்களா?" என்றார். பிறகு அவரும் விரல் நீட்டி ஆளைக் காட்டப் பழகிக்கொண்டார்.

எல்லாம் மணல்திட்டால் வந்தது. கலங்கரை விளக்கத்துக்கு அப்பால், கடல் உள்வாங்கும்போது மட்டும் நடந்துபோக முடிகிற இடம் அது. கடற்கொள்ளைக்காரர்கள் அங்கே ஒரு பெட்டியைப் புதைத்தார்களாம். குழியை மூடுவதற்கு முன் தலைவன், "திரும்பி வர்ற வரைக்கும் யாரு இருக்கீங்க?" என்று கேட்டானாம். கப்பலில் அலைந்து சலித்த ஒருவன், "நான் இருக்கேன்" என்றான். அவனை வெட்டிப் பெட்டியின் மேலேயே போட்டு மூடிவிட்டார்கள். போனவர்கள் வரவேயில்லை. அவன் ஆவிதான் இன்னும் பெட்டிக்குக் காவல். இன்னொருவர் அங்கே நின்று அதே வார்த்தையைச் சொன்னால்தான் அவனுக்கு விடுதலை; பிறகு சொன்னவர்தான் காவல்.

என் சித்திக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அவளும் நானும் கம்பெனியில் அடுத்தடுத்து நின்று இறால் உரிப்போம். சித்தப்பா படகு எஞ்சின் மெக்கானிக். லீவு கிடைத்தால் மண்வெட்டியோடு திட்டுக்குப் போய்விடுவார்.

"புதையல் கெடைச்சா எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?" என்று பெண்கள் சித்தியைச் சீண்டுவார்கள்.

"ஏன் தெரியாது? அப்பவும் இந்த நாத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிடுவேன்" என்பாள்.

ஒரு மத்தியானம் சித்தப்பாவுக்குச் சோறு கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். தோண்டிய குழியின் பக்கச்சுவர் சரிந்து, அவர் நெஞ்சுவரை மணலில் புதைந்து கிடந்தார். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. "ஓடு, ஆளைக் கூப்பிடு" என்று சித்தி என்னைத் தள்ளினாள். சித்தப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை விட்டுட்டுப் போயிடாதடி."

"நான் இருக்கேன்" என்றாள்.

சொன்ன பிறகு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு ஓடினேன்.

தண்ணீர் அவர் தாடையைத் தொடும் நேரத்தில் ஆட்கள் பலகை போட்டு இழுத்துவிட்டார்கள். அவள் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. இறால் உரிக்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நீ ஓடினதும் யாரோ என் தோள்ல கை வெச்சாங்க. அப்புறம் என்னைத் தாண்டி நடந்து போயிட்டாங்க."

அதிலிருந்து கடல் உள்வாங்கும்போதெல்லாம் சித்தி திட்டுக்குப் போனாள். குழியைத் தானே மூடினாள். பெண்கள் சீண்டினால் அடுத்த இறாலை எடுத்துக்கொள்வாள்.

சித்தப்பா, "இனி அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கமாட்டேன்" என்று வேறு ஊரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார். சின்னப் பெண்ணாயிருந்த மகளையும் அழைத்துப்போனார். சித்தி பின்னால் வருவதாகப் பேச்சு. ஒருமுறை நான்தான் அவளைப் பஸ் ஏற்றிக் கூடப் போனேன். ஊர் எல்லையில் ஆற்றுப்பாலம் வந்ததும் அவளுக்கு மூச்சு முட்டியது. முந்தானையில் துப்பினாள். எல்லாம் ஈர மணல். அங்கேயே இறங்கித் திரும்பி நடந்தோம்.

மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வயிற்றுப்பிள்ளையோடு ஒருநாள் வந்து நின்றாள்.

"அப்பா கூப்பிட்டு வரல, சரி. என் பிரசவத்துக்குமா வரமாட்ட?"

"வேலை கெடக்குடி."

"இறால் உரிக்க ஊர்ல வேற கையே இல்லையா?"

சித்தி அடுப்பைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. மகள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். "நீ வர வேணாம். பிள்ளை இங்கயே பொறக்கட்டும். உன்கூடவே நான் இரு..."

சித்தி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். அந்த இறால் வாடையில் மகளுக்குக் குமட்டியது. அதற்குள் சித்தி பையை இழுத்துத் தெருவில் எறிந்திருந்தாள்.

"போடி. உங்கப்பன்தான் என் உயிரை எடுத்தான். இப்ப நீ வந்துட்டியா? உன்னை யாரு கூப்பிட்டா?"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. மகளின் முகம் வெளுத்துப்போனது. செருப்பை மாட்டினாள். பையை நான் தூக்கிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில், "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையாக்கா?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் திரும்பி ஓடுவாள். அம்மாவை விடுவிக்கத் திட்டில் நின்று அந்த வார்த்தையைச் சொல்வாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

"பஸ் வருது" என்றேன்.

நான் திரும்பி வந்தபோது சித்தி வீட்டில் இல்லை. கடல் உள்வாங்கியிருந்தது. போய்ப் பார்த்தால், மூடிய குழியின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏறிட்டாளா?"

தலையாட்டினேன்.

"திரும்பிப் பாத்தாளா?"

"இல்ல."

"நல்லது" என்றாள். தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் என்னை முன்னால் போகச் சொன்னாள். அவள் எப்போதும் கடைசியாகத்தான் வருவாள்.