அரைப் பேர்

உருகிய மெழுகில் வலது கட்டைவிரலை முக்கி எடுத்து ஊதுகிறார் குணசுந்தரி. விரல்மேல் வெள்ளையாகப் படிந்ததை மெல்ல உரிக்கிறார். குல்லாய் மாதிரி முழுசாகக் கழன்று வந்தால் அச்சில் ஊற்றலாம்; கிழிந்தால் இன்னும் ஆற வேண்டும். மகன் பரத் வாங்கிவந்த தெர்மாமீட்டர் ஆணியில் தொங்குகிறது. "அது செவுத்துக்கு ஜுரம் பாத்துனு கீது, பாக்கட்டும்" என்பார். மகன் வாங்கித்தந்த ரப்பர் கையுறைகளும் ஆறு ஜோடி, உறை பிரிக்காமல் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் வெகுநாள் கிடந்தன.

சாம்பியன் ரீப்ஸில் தகரக் கூரை போட்ட இந்த மெழுகுவத்தி கம்பெனிக்குப் பலகையில் வேறு பெயர். ஆட்டோக்காரரிடம் நாத்தனார் கம்பெனி என்றால்தான் கொண்டுவந்து விடுவார். ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடியபோது குணசுந்தரியின் கணவர் சம்பங்கிக்கும் வேலை போனது, சம்பங்கியின் தங்கை பார்வதம்மா வீட்டுக்காரருக்கும் போனது. ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போய் மனு கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில், இந்த இரண்டு பெண்களும் ஒரு பழைய டிரம்மையும் நாற்பது அச்சுகளையும் வைத்து ஆரம்பித்தார்கள். இன்று கல்லறைத் திருநாளன்று ஊரில் எரிவது பெரும்பாலும் இவர்கள் வத்திதான். பார்வதம்மா "அண்ணி" என்று கூப்பிடுவதால் வேலைக்கு வரும் பதினெட்டுப் பேருக்கும் அவர் அண்ணி. லோடு ஏற்ற வரும் டிரைவருக்கும், ஆபீஸில் இருக்கும் எனக்கும்கூட.

அண்ணி பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். பதினான்கு வயதில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். ஐம்பது வருடமாக இந்த ஊர்ப் பேச்சுதான். ஆனாலும் நடுவில் சில தோட்டத்துச் சொற்கள் எட்டிப்பார்க்கும். 'பிரட்டு' அதில் ஒன்று. விடியற்காலையில் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பெயர் விழுந்தால் வேலை. வேலை குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிக் கூலி. "பேரே விழலன்னு வெச்சிக்கோ, மலைல கொழுந்து பறிக்க ஏற வுடமாட்டான். லயத்து வூட்லயே குந்தினு கிடக்கணும்" என்பார். லயம் என்றால் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடு.

போன மாதம் பெங்களூருவிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. வாங்குபவர்கள் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: கைரேகை பதியாத யாரும் மெழுகு உருக்கும் இடத்துக்குள் போகக் கூடாது. வாசலில் மெஷின் மாட்டினோம். ஒவ்வொருவரையும் பதிவு செய்வது என் வேலை. என் விரலை வைத்தவுடனே ரேகை விழுந்தது. பி.காம். படித்த விரல். இதுவரை எந்த வேலையும் அதைத் தேய்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. டப்பாவில் அடுக்கும் பார்வதம்மாவின் ரேகையும் விழுந்துவிட்டது. அண்ணியின் கட்டைவிரலுக்கு மட்டும் மெஷின், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது.

"சரிம்மா" என்று மெஷினுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி வைத்தார். அதுவும் மறுபடி சொன்னது.

"இன்னா அண்ணி, உன்ன யாருன்னே தெர்லியாமே! வேற கம்பெனி பாரு, போ" என்றார் பார்வதம்மா.

"உன் வெரலு இன்னாத்த செஞ்சிச்சி? கடைல வாங்கனா மாதிரி அப்பிடியே புதுசா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். பரத்தும் சிரித்தபடி, "சும்மனே இரும்மா. ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காரு. நீ ஓனரு, உனக்கு இன்னாத்துக்கு உள்ள வேல?" என்றார்.

"ஓனருன்னா லயத்துல குந்த வெச்சிடுவியாடா?"



அன்று முழுவதும் அண்ணி என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபேனைப் போட்டேன், நிறுத்தச் சொன்னார். ஜன்னல் வழியாக டிரம்மைப் பார்த்து, "ஆறட்டும்டீ, ஆறட்டும்!" என்று நாலு தடவை கத்தினார். உள்ளே மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலை தேங்காயெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவிய கைகளோடு எனக்கு முன்பே வந்து மெஷினுக்கு எதிரில் நின்றார். "ஒண்ணொண்ணா வெக்கிறேன், நீ பாத்துனே இரு."

வலது கையில் ஐந்தும் போயின. இடது கையில் நான்கும் போயின. மெழுகுப் பக்கமே போகாத விரல் ஒன்றுதான் பாக்கி. இடது சுண்டுவிரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"தேங்க் யூ" என்றது மெஷின்.

"வுழுந்திச்சி!"

அடுக்குவதை விட்டுவிட்டு பார்வதம்மா எழுந்து வந்து பார்த்தார். "சுண்டுவெரல்தானே அண்ணி? இது அரைப் பேருதான்."

"அரைப் பேருன்னாலும் மலைக்கு ஏறலாம்டீ."

அண்ணி நேராக ஆபீஸுக்குள் வந்து இழுப்பறையைத் திறந்தார். கையுறை ஒன்றின் உறையைப் பிரித்து, கத்தரிக்கோலால் அதன் சுண்டுவிரலை மட்டும் நறுக்கி, இடது சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். மீதிக் கையுறையை இழுப்பறையிலேயே போட்டுவிட்டு டிரம்முக்குப் போய், கட்டைவிரலை மெழுகில் முக்கினார்.