அரை அங்குலம் கூடுதல்

மகள் என்னோடு கதைக்காமல் விட்டு மூன்று மாதமான பிறகுதான் ஸ்கேட்போர்டுக்கு அளவு பார்க்கிற வேலையில் இறங்கினேன். அவள் கதைக்காமல் விட்டதில் நியாயம் இருந்தது. கம்பஸில் வகுப்பு முடிந்து வந்து பின்னேரங்களில் வாவிக்கரைப் பாதையில் அவள் அந்தப் பலகையில் ஓடுவாள். என் தையல் கடைக்குச் சட்டைத் துணியோடு வந்த ஒரு மனுசி, நாலு பேர் முன்னால் கேட்டார்: "உங்கட மகளா அது? பொம்புளப் புள்ள ரோட்டுல இப்பிடியா ஓடுற?" எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அன்றைக்கே பலகையைக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் எறிந்தேன்.

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அடுத்த நாளிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதைத் தாயிடம் சொன்னாள். பக்கத்தில் நான் நிற்க, "அவருக்குச் சோறு போட்டாச்சு எண்டு சொல்லுங்கம்மா" என்பாள். ஒரு மாதம் வீம்புக்கு நானும் பேசாமல் இருந்தேன். பிறகு தாங்கவில்லை. அவள் என்னைப் பார்த்து ஏதாவது கதைத்தால் போதும், ஏசினாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது.

ஆகவே ஒரு புதுப் பலகை வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்து, கொழும்பில் இந்தச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு போன் எடுத்தேன். விற்கிறவர் பொறுமைசாலி.

"முதல்ல டெக்கிட அகலத்தை எடுக்கணும் அங்கிள். அவங்கட சப்பாத்து என்ன அளவு?"

டெக் என்றால் கால் வைத்து நிற்கிற பலகை. அதற்கு அடியில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாய்ப் பூட்டுகிற இரும்புக்குப் பெயர் ட்ரக். சில்லுகள் அதில்தான் சுழல்கின்றன. வாசலில் கிடந்த அவளுடைய சப்பாத்தை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அளவு நாடா பிடித்து அளந்து சொன்னேன். பலகைக்கு எட்டு அங்குலம் காணும் என்றார்.

"ட்ரக்கும் எட்டுத்தான் அங்கிள். சில்லு பூட்டுற அச்சுக் கம்பி ஒரு நுனியில இருந்து மற்ற நுனி வரைக்கும் டெக்கிட அகலத்துக்குச் சரியா வரணும்."

சரியாகவா! சரியளவுக்குத் துணி வெட்டுகிறவன் தையல்காரனா? தையலுக்கு விட வேண்டும், மூச்சு விட இடம் விட வேண்டும். அதிலும் பெண்பிள்ளையின் சட்டை என்றால் இன்னும் கொஞ்சம் விடுவேன்.

"ட்ரக்கை எட்டரையா அனுப்புங்க," என்றேன்.

"எட்டு டெக்குக்கு எட்டரை கூடிப் போயிடும், அங்கிள்."

"தம்பி, நான் முப்பது வருசமா அளவெடுக்கிறவன்."

பாவம், விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பார்சல் வந்தது. கடையில் வைத்து நானே பூட்டினேன். இரண்டு பக்கமும் சில்லுகள் பலகையை விட்டு வெளியே எட்டிப் பார்த்தன. நல்ல தாராளமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை அவள் முன்னால் வைத்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தூக்கிப் பிரட்டிப் பார்த்தாள். முற்றத்துச் சீமெந்தில் வைத்து ஒரு காலை ஏற்றி, மற்றக் காலால் தள்ளினாள். தள்ளிய காலின் குதிகால் பின்சில்லில் அடிபட்டது. இறங்கிவிட்டாள்.

"யாரைக் கேட்டு இந்த அளவு எடுத்தீங்க?"

மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "உன்ட சப்பாத்தை அளந்தன் மனே."

"எறியக்குள்ளயும் என்னைக் கேக்கல்ல. வாங்கக்குள்ளயும் கேக்கல்ல."

கடைக்கு வருகிற ஆரிடமும் கழுத்து எவ்வளவு இறக்க, கை எவ்வளவு நீளம், இறுக்கமா தளர்வா என்று கேட்காமல் நான் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. வாயாடிகளிடமும் வம்புக்காரரிடமும் கேட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் ஒன்றையும் கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது, அதை மறைத்து என்ன செய்ய?

"சரி, இப்ப கேக்கிறன். உனக்கு என்ன அகலம் வேணும்?"

அவள் சில்லை விரலால் ஒருமுறை சுழற்றிவிட்டாள்.

"எட்டேகால்."

கடைக்கு போன் எடுத்துச் சொல்வோம் என்று நம்பரைத் தேடினேன். அவள் கையை நீட்டினாள். "இஞ்ச தாங்க, நான் கதைக்கிறன்."

கொடுத்தேன். ஓம், ஓம் என்று அந்தப் பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள். பிறகு, "ட்ரக் இரிக்கட்டும், எட்டேகாலுக்கு அது சமாளிக்கும். டெக்கை மட்டும் மாத்தித் தாங்க. எங்கட அப்பா அளவைப் பிழையாச் சொல்லிட்டார்," என்றாள்.

என் அளவு பிழை என்று வேறு ஆராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பது வேறு. நான் பக்கத்தில் நின்று, ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.