காற்றில்லாத நாளின் அலை

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இடது காது கேட்காது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய அதே அலுவலகத்தில், மூன்றாவது முறை தற்காலிக வேலை. கடல் வானிலைப் பிரிவில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை. அதற்கு மட்டும் பதினோரு மனு. ரேடியோ முன்னால் உட்காரும் உரிமை. "காது கேக்காதவளுக்கு ரேடியோவா?" என்று கேட்டவரிடம், "பேசறது வாயாலதானே சார்" என்றாள். நான் எட்டாவது வரைதான் படித்தேன், தையல் வேலை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

தினமும் விடிகாலையில் அவள் ஒரு தாளை நிரப்புவாள். காற்று, மழை, பார்வைத் தூரம், அலை, தூரத்து அலை என்று அதில் ஐந்து கட்டங்கள். அலுவலகத் தலைவர் அதன் அடியில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவார். பிறகு அவள் அதைப் படகுகளுக்கு ரேடியோவில் வாசிப்பாள். நாற்பத்திரண்டு படகுகளும் எண் வரிசையில் "கேட்டுச்சு" என்று பதில் சொல்லும். முப்பத்தொன்றாம் படகை ஓட்டியவருக்குக் கொட்டாவி என்று பெயர். நீளமாக ஒன்று விட்டுவிட்டுத்தான், "முப்பத்தொண்ணு, கேட்டுச்சும்மா" என்பார். அதைக் கேட்டு முப்பத்திரண்டும் முப்பத்துமூன்றும் கொட்டாவி விடும். "பாதித் துறைமுகத்த அந்த மனுஷன் தூங்க வெச்சுடுவாருக்கா" என்று சிரிப்பாள்.

தூரத்து அலை என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கயோ ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு புயல் அடிக்கும்க்கா. அங்கயே செத்தும் போயிடும். அது தள்ளிவிட்ட அலை மட்டும் நாலஞ்சு நாள் நடந்து இங்க வரும். நடுக்கடல்ல இருக்கிற படகுக்குத் தெரியவே தெரியாது. ஆழம் குறையற எடத்துல, துறைமுக வாசல்ல, எழுந்து நிக்கும்."

"காத்து பலமா இருக்குமா?"

"காத்தே இருக்காது. வெயில் அடிக்கும்."

அந்த ஐந்தாவது கட்டத்தை அலுவலகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 'நேற்றைப் போலவே' என்று எழுதுவது வழக்கம். 2011 மே 19, வியாழக்கிழமை அவளும் அப்படித்தான் எழுதினாள். காற்று சரி, மழை சரி, மற்ற எல்லாமே சரி. நண்பகலில் திரும்பி வந்த முப்பத்தொன்றாம் படகு துறைமுக வாசலில் குப்புறக் கவிழ்ந்தது. கொட்டாவியோடு சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள். கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். கொடியில் கிடந்த துணி அசையக்கூட இல்லையாம்.

விசாரணை நடந்தது. தலைவர் இவளைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "உன் மேல தப்பே வராதும்மா. தாள்ல உன் பேர் எங்க இருக்கு? ஸ்டாம்ப்தானே இருக்கு."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னது ஒன்றுதான்: "ஸ்டாம்புக்குத் தூக்கம் வரும்க்கா."

படகு கவிழ்ந்த மறுநாள் ரேடியோவில் முப்பதாம் படகு பதில் சொன்னது. முப்பத்திரண்டு உடனே பேசவில்லை. ஒரு கொட்டாவி விடும் நேரம் காத்திருந்து, பிறகுதான் பேசியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தினமும் அப்படியே ஆனது. அவர் குரலைக் கேட்டே அறியாத புதுப் படகோட்டிகள்கூட அந்த இடம் வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அந்த எண்ணை வேறு படகுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். வாங்க ஆளில்லை.

வீட்டில் குழாய் சொட்டினால் எண்ண ஆரம்பிப்பாள். நடுவில் பேசினால் கையைத் தூக்குவாள். எண்ணி முடித்து, "சொல்லுக்கா" என்பாள். காற்று அடிக்கும் நாட்களில் நன்றாகச் சாப்பிடுவாள். கொடியில் துணி அசையாத நாட்களில் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த அலை இன்னொரு முறை வரும், அன்றைக்கும் தன்னால் படகுகளை நிறுத்த முடியாமல் போகும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஜூலை மாதம், தெற்கே வெகு தொலைவில் கடலில் மிதக்கவிட்டிருந்த கருவியிலிருந்து தகவல் வந்தது. பெரிய அலைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினெட்டு விநாடி. கணக்குப் போட்டாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இங்கே வந்துவிடும்.

செவ்வாய் விடிகாலை வானத்தில் ஒரு மேகம் இல்லை. அந்த வருஷம் தலைவரின் எச்சரிக்கை இரண்டு முறை பொய்த்து, ஊரே அவரைக் கிண்டல் செய்திருந்தது.

"இதுக்கு ஸ்டாம்ப் போட்டா என்னையே கடல்ல தூக்கிப் போட்டுடுவாங்க. உன் வேலைய நிரந்தரமாக்கற ஃபைல் இந்த வாரம்தான் மேல போகுது. பேசாம நேத்து எழுதினதையே எழுது" என்று சொல்லி, ஸ்டாம்பை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

இவள் தாளை எடுத்துக்கொண்டு துறைமுக அதிகாரியிடம் ஓடினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை இல்லாத தாள நம்பி நான் வாசல மூட முடியாதும்மா. யாராவது பொறுப்பு ஏத்துக்கணும். யாரு?"

அவர் பேனாவையே வாங்கி, கையெழுத்துப் போட்டாள். வாசலில் சங்கிலி போட்டார்கள். நாற்பத்தொரு படகும் நின்றன.

பதினொன்றரைக்கு நான் சாப்பாடு கொண்டுபோனபோது, கரைச்சுவரில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அலை வரவில்லை. கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்தது. படகுக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன மேடம், அலை பஸ்ஸ விட்டுடுச்சா?"

"அதுக்கு இன்னிக்கு லீவு போல. அக்கா, உங்க தங்கச்சிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வெயில்ல மூளை உருகிடப் போகுது!"

அவள் கேட்காத காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாவியின் மனைவி வந்து இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்.

ஒன்று பத்துக்கு வாசலில் தண்ணீர் பின்வாங்கியது. எவரும் பார்த்திராத கற்கள் தெரிந்தன. பிறகு நுரையே இல்லாமல், வழவழவென்று ஒரு மேடு எழுந்தது. அது சுவர்மேல் சரிந்து, ஏலக் கூடத்து மேசைகளைக் குச்சி மாதிரி அள்ளிக்கொண்டு போனது. நாங்கள் ஊர்ப்பக்கம் ஓடினோம். என் தங்கை ஓடிக்கொண்டே எண்ணினாள். பதினெட்டில் அடுத்தது எழுந்தது. வாசலில் ஒரு படகும் இல்லை.

கொட்டாவியின் மனைவி கேட்டார். "இதுதானா?"

"இதுதான்."

"அன்னிக்கும் இது வரப்போறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கணும். தகவல் வந்திருந்துச்சு. நான் பாக்கல."

அவர் திரும்பி நடந்து போய்விட்டார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. எந்த அதிகாரத்தில், யார் கையெழுத்திட்டது என்று கேட்டிருந்தார்கள். நிரந்தர வேலைக்கான ஃபைல் திரும்பி வந்து ஒரு வருஷம் கிடந்தது. அதிகாரத்தைப் பற்றி அவள் ஒன்றும் எழுதவில்லை. 'கையெழுத்து என்னுடையது' என்று ஒரே வரியில் பதில் கொடுத்தாள்.

வானிலைத் தாளில் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2014 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு.